கேட்காமலே கொடுத்த மறுப்பு

“லிப்டுல யாரும் மாட்டிக்கல. அப்படி மாட்டிக்கிட்டவங்க யாரும் வெளியே வந்து எங்ககிட்ட சொல்லல.”

கூடத்திலிருந்து அந்தக் குரல் ஏழாவது தடவையாகக் கேட்டது. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை நிறுத்தினாள். வேறு யாருடைய குரலாக இருந்தாலும் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள். என்ன செய்வது, அது அவளுடைய குரல்.

குரல் முடிந்ததும் யாரோ ஒட்டவைத்த கூட்டச் சிரிப்பு. சிரிப்பு முடிந்ததும் ‘டிங்’ என்று லிப்ட் மணி. மறுபடியும் முதலிலிருந்து.

“என்னங்க! அதை நிறுத்தறீங்களா, இல்ல நான் வந்து போனை இந்த சோப்புத் தண்ணியில முக்கட்டுமா?”

“இரும்மா, இது புதுசு,” என்றார் கணவர். “இதுல உன் தலைக்குப் பின்னாடி கதவு திறந்து திறந்து மூடுது. வெட்டி வேலைதான், ஆனா இந்தக் கேலி வீடியோ பண்ணின பையன் உழைச்சிருக்கான்.”

“கட்டின பொண்டாட்டியை ஊரே கேலி பண்ணுது. உங்களுக்கு அதுல உழைப்பு தெரியுது.”

“பதினாறு லட்சம் பேர் பார்த்திருக்காங்க. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு முப்பது வருஷத்துல அவ்வளவு பேர் எட்டிப் பார்த்ததில்ல.”

அவள் ஈரக் கையோடு வந்து அவர் கையிலிருந்த தன் போனைப் பிடுங்கி, சோபா மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தாள். மெத்தைக்கு அடியிலிருந்தும் அவள் குரல் பேசியது. கண்ணில் நீர் முட்டியது. அழுவதா, அந்த மனிதரை அடிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

நிருபர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘அறிக்கை அக்கா’. லிப்ட் செய்து மாட்டி, பழுது பார்க்கும் ஒரு நிறுவனத்தில் இருபத்தேழு வருடமாக வேலை. டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். சேர்ந்த மறு வருடம் ஒரு புதுக் கட்டிடத் திறப்பு விழாவில், ரிப்பன் வெட்ட வந்த பெரிய மனிதர் லிப்டுக்குள் நாலு நிமிஷம் அகப்பட்டுக்கொண்டார். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பத்திரிகைக்கு என்ன எழுதுவது? டைப்பிஸ்ட் தயங்கித் தயங்கி ஒரு வரி அடித்து நீட்டினாள்: ‘சிறப்பு விருந்தினர் லிப்டின் உட்புற வேலைப்பாட்டை நிதானமாகப் பார்வையிட்டார்.’ முதலாளி படித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வாரமே அவளுக்குத் தனி அறை, கதவில் ‘மக்கள் தொடர்பு அதிகாரி’ என்ற பலகை.

அந்த அறையில் அவள் கண்டுபிடித்த வழக்கம் ஒன்று உண்டு. நாலு கோப்புகள். விளக்கம், வருத்தம், மறுப்பு, மன்னிப்பு. ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே எழுதி வைத்த அறிக்கைகள். தேதி, இடம், பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் புள்ளிகள். விபரீதம் நடந்த நேரத்தில் யாருக்கும் நிதானமாக எழுத வராது, அதனால் நிதானமான நாளிலேயே எழுதி வைத்துவிடுவாள். மறுப்புக் கோப்பைத் தொடுவதற்கு மட்டும் ஒரு சட்டம்: நிருபர் யாராவது கேட்டால்தான் தொடவேண்டும். கேட்பதற்கு முன்னால் தொட்டால், அந்த மறுப்பே செய்தியாகிவிடும்.

முதலாளி ஓய்வெடுக்கப் போனதும் அவருடைய மகளின் கணவர் வந்து சேர்ந்தார். வாசல் காவலர் முதல் கணக்கர் வரை எல்லாருக்கும் அவர் ‘மாப்பிள்ளை’தான். அவர் கதவில் மாட்டிக்கொண்ட பலகையோ ‘நற்பெயர் மேலாண்மைத் தலைவர்’. முன்பெல்லாம் அக்காவுக்கு ஐந்தாறு நிருபர்கள், ஒரு சாயங்கால டீ, மறுநாள் காலைப் பத்திரிகை என்று காலம் ஓடியது. இப்போது கையில் போன் வைத்திருப்பவனெல்லாம் நிருபர். பத்து நிமிஷத்தில் பதில் போகவில்லை என்றால் மாப்பிள்ளைக்கு வியர்த்துவிடும். அந்த வியர்வைதான் இத்தனைக்கும் காரணம்.

நடந்தது இதுதான். போன வாரம் சனிக்கிழமை மாலை, பாதி ஆபீஸ்கள் பூட்டிக் கிடந்த ஒரு கட்டிடத்தில், தைத்த சீருடைகளைக் கொடுக்கப் போன தையல்காரம்மா ஒருத்தி மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே லிப்டுக்குள் சிக்கினாள். இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. போனுக்கு சிக்னல் இல்லை. அவசர பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். நிறுவனத்தின் டெலிபோன் அறையில் மணி அடிக்கும் சத்தம் லிப்டின் ஒலிபெருக்கி வழியே அவளுக்குக் கேட்டது, எடுக்கத்தான் ஆள் இல்லை. கடைசியில் லிப்ட் தானாகவே நகர்ந்து, ஒன்றும் அறியாததுபோல் நாலாம் மாடியில் வாயைத் திறந்தது. வெளியே ஒரு ஈ காக்கை கிடையாது. சாட்சி சொல்ல ஒரு ஜீவன் இல்லை.

திங்கட்கிழமை அவள் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினாள். நஷ்ட ஈடு கேட்கவில்லை, யாரையும் திட்டவில்லை. ‘ஏன் யாரும் எடுக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பத்திரிகைக்காரர்களிடம் கேட்பேன்.’ கீழே அவளுடைய போன் நம்பர்.

பத்திரிகை என்ற ஒரு வார்த்தை போதாதா? செவ்வாய்க்கிழமை அக்கா பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த நேரம். மாப்பிள்ளை மறுப்புக் கோப்பைத் திறந்தார், புள்ளிகளை நிரப்பினார், தன் கைச்சரக்காக ‘இது விளம்பரத்துக்காகக் கட்டிவிட்ட கதை’ என்று ஒரு வரியும் சேர்த்தார், நூற்று நாற்பத்து மூன்று நிருபர்களுக்கும் ஒரே தட்டில் அனுப்பிவிட்டார். அக்காவின் பெயரில்!

அதுவரை அந்த நூற்று நாற்பத்து மூன்று பேரில் ஒருத்தருக்குக்கூட இப்படி ஒரு லிப்ட் இருப்பதே தெரியாது. பாதி மரத்த வாயோடு அக்கா வெளியே வந்தால் போனில் பழைய நிருபர் ஒருவர்: “அக்கா, யாரும் மாட்டிக்கலன்னு எழுதியிருக்கீங்களே, எந்த லிப்டுல யாரு மாட்டிக்கல?”

ஒரு மணி நேரத்தில் ஆபீஸ் வாசலில் கேமராக்கள் குவிந்தன. அக்கா பழுதுபார்ப்புப் பிரிவைக் கேட்டாள். பதிவேட்டில் ஒரு அழைப்பும் இல்லை என்றார்கள். நம்பினாள். பாதி வாய் ஒத்துழைக்காமல், மூளையும் ஒத்துழைக்காமல், அந்த எட்டு வினாடி வாக்கியத்தைச் சொன்னாள். அதுதான் பதினாறு லட்சம் பேர் பார்த்தது.

அவள் கேலிக்கு ஆளானது ஒரு பங்கு. தையல்காரம்மா பட்டதோ நாலு பங்கு. பொய்க்காரி என்று அவள் கடையின் இணையப் பக்கத்தில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் எழுதினார்கள். தைக்கக் கொடுத்த துணியைச் சிலர் அப்படியே திரும்ப வாங்கிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை மனசு கேட்காமல் அக்கா டெலிபோன் அறைக்குப் போனாள். பூட்டியிருந்தது. சாவி வாங்கித் திறந்தால் நாற்காலியில் தூசி. புகாருக்குத்தான் செயலி வந்துவிட்டதே என்று, அங்கே போன் எடுத்துக்கொண்டிருந்த அம்மாவை ஒரு மாதத்துக்கு முன்பே மாப்பிள்ளை கிடங்குக்கு மாற்றிவிட்டிருந்தார். சிக்னல் இல்லாத லிப்டுக்குள் செயலியை எந்தக் கடவுள் திறப்பார்? மேசைமேல் அந்த டெலிபோன் மட்டும் உயிரோடு இருந்தது. அதன் சின்னத் திரையில் சனிக்கிழமை ஐந்து இருபதிலிருந்து எட்டு மணி வரை எடுக்கப்படாத அழைப்புகள் முப்பத்தொன்று. எல்லாம் ஒரே லிப்டிலிருந்து. எதையும் படமெடுத்து வைப்பது அவள் தொழில் பழக்கம். அதையும் எடுத்தாள். மாப்பிள்ளையிடம் போய்ச் சொன்னாள். “நான் பார்த்துக்கறேன் மேடம்,” என்றார் அவர்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தொரு தடவை! ஒரு மனுஷி இருட்டுப் பெட்டிக்குள் நின்று, யாராவது எடுப்பார்கள் என்று நம்பி நம்பி அழுத்தியிருக்கிறாள். அவளைப் பொய்க்காரி என்ற அறிக்கையின் அடியில் இருந்தது யார் பெயர்?

மெத்தைக்கு அடியில் போன் அதிர்ந்தது. நாத்தனார்.

“அண்ணி, எங்க ஆபீஸ்ல தலைகாட்ட முடியல. லிப்டுல ஏறினாலே எல்லாரும் நீங்க பேசினதைப் பேசிக் காட்டறாங்க.”

“சரி, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

“நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். உங்களை எனக்குத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிட்டேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“யாராவது கேட்டாங்களா?”

“இல்ல, கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்.”

அக்கா போனை மறுபடியும் மெத்தைக்கு அடியில் புதைத்தாள். “உங்க தங்கச்சிக்கு எங்க ஆபீஸ்ல தாராளமா வேலை கிடைக்கும்,” என்றாள் கணவரிடம்.

வாசல் மணி அடித்தது.

மாப்பிள்ளை நின்றார். ஒரு கையில் மூன்று கால் ஸ்டாண்டு, இன்னொரு கையில் வட்ட விளக்கு, வாயில் கவ்விய ஒரு தாள். ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்தில் அடையாள அட்டை.

“மேடம், பத்து நிமிஷம். ஒரு சின்ன வீடியோ. மதியத்துக்குள்ள போட்டுட்டா நாளைக்கு எல்லாம் ஓஞ்சிடும்.”

உட்காரச் சொல்வதற்கு முன்பே சோபாவை நகர்த்தினார். ஜன்னல் திரையை இழுத்தார். சுவரில் இருந்த கல்யாணப் படத்தைக் கழற்றி, “இது வேணாம், சந்தோஷமா தெரியறீங்க,” என்று கணவரின் கையில் கொடுத்தார். கணவர் அதை வாங்கிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் பார்வையில் தெறித்த பொறியைக் கண்டு டீ போடப் போவதாகச் சொல்லி நழுவினார்.

“இந்தச் சேலை கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கு மேடம். மங்கலா ஏதாவது இருக்குமா? அழுத மாதிரி இருந்தா நல்லது. அழுகை வரலைன்னா பரவாயில்ல, மூணாவது வரியில ஒரு நிறுத்தம் கொடுங்க, நான் இசையைப் போட்டுக்கறேன்.”

அக்கா தாளைப் படித்தாள். மேலே ‘மன்னிப்பு’ என்று கொட்டை எழுத்து. இருபத்தேழு வருடத்தில் ஒருநாளும் திறக்காத கோப்பை இந்த மனிதர் திறந்திருக்கிறார்! அவசரமாகக் கீழே ஓடியது அவள் கண். ‘என் வார்த்தைப் பிரயோகம் பலரைப் புண்படுத்தியதை அறிகிறேன். அது என் தனிப்பட்ட கவனக்குறைவு. நிறுவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதேசமயம், குறிப்பிட்ட பெண்மணி கூறியதுபோன்ற சம்பவம் எதுவும் நடைபெறவில்லை.’

“இதுல ‘அறிகிறேன்’ எதுக்கு? புண்பட்டது எனக்குத் தெரியாம இருந்து யாரோ சொல்லி அறிஞ்ச மாதிரி இருக்கு,” என்றாள் பழக்க தோஷத்தில்.

“பார்த்தீங்களா, இதுக்குத்தான் நீங்க வேணும்! மாத்திக்கோங்க மேடம்.”

விளக்கு எரிந்தது. அக்கா உட்கார்ந்தாள். முதல் தடவை முதல் வரியைச் சொல்லும்போது பக்கத்து வீட்டில் சுவரைத் துளைக்க ஆரம்பித்தார்கள். இரண்டாம் தடவை கணவர் உள்ளே தும்மினார், ஒன்றல்ல, நாலு. மூன்றாம் தடவை மாப்பிள்ளையின் போன் நிரம்பிவிட்டது என்றது. அவர் உட்கார்ந்து மகளின் நடன வகுப்புப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். வட்ட வெளிச்சத்தில் அக்காவுக்குக் கண் கூசித் தண்ணீர் வழிந்தது.

“அருமை மேடம்! இதே கண்ணோட, ஓகே, போலாம்!”

நாலாம் தடவை சத்தம் எதுவும் குறுக்கிடவில்லை. கவனக்குறைவு வந்தது. சம்பந்தமில்லை வந்தது. ‘குறிப்பிட்ட பெண்மணி’ என்ற இடத்துக்கு வந்து நின்றாள். நிறுத்தம் கொடுக்கிறாள் என்று மாப்பிள்ளை பெருவிரலை உயர்த்திக் காட்டினார். நிறுத்தம் நீண்டது. பெருவிரல் மெல்ல இறங்கியது.

“என்னைப் பத்தி என்ன வேணா சொல்லச் சொல்லுங்க சார், சொல்றேன். வாய் என்னோடது, உளறினது நான். ஆனா அந்தக் கடைசி வரியை எடுத்துடுங்க.”

“அது போனா மொத்தமும் போச்சு மேடம்! நடந்துச்சுன்னு ஆயிடும்.”

“நடந்துச்சே?”

“யாரு பார்த்தா?”

“நான் பார்த்தேன். முப்பத்தொண்ணு. வெள்ளிக்கிழமை உங்ககிட்ட சொன்னேனே. அந்த போன் இப்ப எங்க?”

மாப்பிள்ளை ஸ்டாண்டின் திருகை ஆராய்ந்தார். “அதை ரிப்பேருக்கு அனுப்பிட்டோம்.”

“மணி அடிச்ச ஒரே போனு அதுதான். அதைப் போய் ரிப்பேருக்கு அனுப்பியிருக்கீங்க.”

“மேடம், உங்க நல்லதுக்குச் சொல்றேன். ஓய்வுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. இதைப் படிச்சீங்கன்னா உங்க அறை, உங்க பலகை எல்லாம் அப்படியே இருக்கும். படிக்கலைன்னா நாளைக்குக் காலையில நீங்களா அனுப்பின பொய் அறிக்கைன்னு நாங்க சொல்லவேண்டி வரும். அந்தம்மா யாரு உங்களுக்கு? அக்காவா, தங்கச்சியா?”

அந்த ஒரு கேள்வி அவள் நெஞ்சில் தைத்தது. யாருமில்லைதான். பேர்கூடக் கடிதத்தின் அடியில் பார்த்த பேர். ஆனால் இருபத்தேழு வருடமாக அவள் கட்டிக் காத்த நல்ல பெயர் யாருடையது? ஒரு நிறுவனத்தினுடையது. அதைக் காப்பாற்ற, தையல் மெஷினைத் தவிர வேறு காப்பில்லாத ஒருத்தியின் பெயரைக் குத்துயிராக்கி இருக்கிறாளே! அவள் எழுதவில்லை, சரி. அவள் கோப்பு, அவள் புள்ளிகள்.

அக்கா எழுந்தாள். மெத்தைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள்.

“யாருக்கு மேடம்? முதலாளிக்கா? அவர் தூங்குவார்.”

அவள் படமெடுத்து வைத்திருந்த கடிதத்தின் அடியில் இருந்த நம்பரை அழுத்தினாள். டீத் தட்டோடு வந்த கணவர், தட்டைக் கீழே வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே வட்ட விளக்கை அணைத்தார். நாலு தடவை மணி அடித்ததும் எடுத்தார்கள். தையல் மெஷின் ஓடும் சத்தம் பின்னால் கேட்டது.

“அம்மா, நான் லிப்ட் கம்பெனியிலேர்ந்து பேசறேன். அந்த வீடியோவுல பேசினது நான்தான்.”

மெஷின் நின்றது. “என்ன, இன்னொரு மறுப்பா? அதையும் ஊருக்கெல்லாம் அனுப்பிடுங்க, எனக்கு வேலை இருக்கு.”

“வெச்சிடாதீங்கம்மா. நீங்க மாட்டிக்கிட்டது உண்மை. முப்பத்தொண்ணு தடவை கூப்பிட்டிருக்கீங்க. அந்த அறையில ஆளே இல்ல. ஆளை எடுத்துட்டாங்க. அதனாலதான் யாரும் எடுக்கல.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“முப்பத்திரண்டு,” என்றது அந்தக் குரல். உடைந்துபோய், ஆனால் விட்டுக்கொடுக்காமல். “கடைசித் தடவை அழுத்தினப்போ பொத்தான்ல விளக்கே எரியல. அது உங்க கணக்குல வந்திருக்காது.”

அக்காவின் கன்னத்தில் நீர் இறங்கியது. இந்தத் தடவை வெளிச்சம் காரணமில்லை.

“இதை எங்கிட்ட ரகசியமா சொல்லி என்ன பிரயோஜனம்? அன்னிக்கு எத்தனை பேருக்கு நான் பொய்க்காரின்னு சொன்னீங்களோ, அத்தனை பேருக்கும் சொல்வீங்களா?”

“சொல்றேன்.”

“சொல்லிட்டு அப்புறம் பேசுங்க.” போன் வைக்கப்பட்டது. நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை. எதற்கு இருக்கவேண்டும்?

அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போனில் எழுத ஆரம்பித்தாள். கோப்பு இல்லை, புள்ளி இல்லை. மாப்பிள்ளை அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, கெஞ்சினார், மிரட்டினார், முதலாளி பெண்ணின் பெயரை இழுத்தார், கடைசியில் எட்டிப் படித்தார்.

“ஐயோ, ‘தவறு’ன்னா போடறீங்க? ‘குறைபாடு’ன்னாவது போடுங்க மேடம்!”

“தள்ளி நில்லுங்க தம்பி, வெளிச்சம் மறைக்குது.” இரண்டு வருடமாக ‘சார்’ என்று கூப்பிட்டவள் வாயில் அது தானாக வந்தது.

“‘ஆளை நீக்கியது நிர்வாகம்’னு வேணாமே... ‘ஆள் நீக்கப்பட்டிருந்தார்’னா நீக்கினது யாருன்னு தெரியாதுல்ல...”

“அப்படி யாருன்னு தெரியாமலே எழுதி எழுதித்தான் நான் இங்க வந்து நிக்கறேன்.”

டெலிபோன் திரையின் படத்தைச் சேர்த்தாள். மொத்தம் ஏழு வரி. ‘லிப்டில் அந்த அம்மையார் சிக்கியது உண்மை. அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது எங்கள் அறிக்கை. அது என் பெயரில் வந்தது’ என்று தொடங்கி, அடியில் பதவி போடாமல் வெறும் பெயரைப் போட்டாள். கணவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“போகட்டும்மா. கடையில கண்ணாடி துடைக்க ஒரு ஆள் வேணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன்,” என்றார்.

நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் போயிற்று. அரை நிமிஷத்தில் போன் துள்ள ஆரம்பித்தது. அக்கா அதைக் கவிழ்த்து வைத்தாள்.

மாப்பிள்ளை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு எழுந்து ஸ்டாண்டை மடக்கப் பார்த்தார். மூன்றாவது கால் மடங்க மறுத்தது. கணவர் வந்து திருகைத் தளர்த்திக் கொடுத்தார். இரண்டு ஆண்களும் அந்தக் காலோடு மல்லுக்கட்டுவதை அக்கா பொறுமையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு நீங்க ஆபீஸுக்கு வரவேண்டாம்,” என்றார் மாப்பிள்ளை, வாசலில் செருப்பை மாட்டியபடி.

“தெரியும்.”

“என் மேல கோபம் வேணாம் மேடம். மேலிடத்து முடிவு.”

“மேலிடமே நீங்கதானே?”

அவர் இரண்டு படி இறங்கினார். நின்றார். திரும்பி ஏறி வந்தார். அடையாள அட்டையை விரலில் சுற்றினார். முகத்தில் மறுபடியும் அதே வியர்வை.

“மேடம், ஒரே ஒரு உதவி. உங்களை நீக்கினதுக்கு இன்னைக்கே ஒரு அறிக்கை போகணும். எனக்கு வார்த்தை சரியா வராது, உங்களுக்கே தெரியும். ஒரு நாலு வரி மட்டும்... நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்கன்னா...”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னங்க,” என்றாள் கணவரிடம், “அவர் படியில பார்த்து இறங்கட்டும். நீங்க கதவைச் சாத்துங்க.”

ஸ்டாண்டின் கால் படிகளில் தட்டித் தட்டி இறங்கும் சத்தம் கேட்டது. கணவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.